தொழில் தேர்வும் தன்னம்பிக்கையும்

உயர்நிலைப் பள்ளிக் கல்வி முடியும் தறுவாயில் ஒவ்வொரு மாணவரையும் ஒரு வினா எதிர்நோக்கி நிற்கிறது. 'இனி எத்தொழிலை மேற்கொள்ளப் போகிறாய்?' என்பதே அவ்வினா. பெற்றோர் கேட்கின்றனர், ஆசிரியர் கேட்கின்றனர், உற்றார் உறவினரும் கேட்கின்றனர். ஒரே வகுப்பில் பயின்று, ஏறத்தாழ ஒரே அளவு மதிப்பெண் பெறும் இருவர், இவ்வினாவுக்கு வேறு வேறு விடை கூறுவதைக் காணலாம். ஒருவர், 'நான் பொறியியல் கற்பேன்' என்கிறார். மற்றொருவர், 'அஃது எனக்கு எட்டாது. எளிதாகக் கிடைக்கும் வேலை ஏதேனும் ஒன்று போதும்' என்கிறார். இருவர்க்கும் அறிவு ஒன்றே. கற்ற பாடமும் ஒன்றே. ஆயினும் ஒருவருக்குத் திறந்து தோன்றும் கதவு, மற்றவருக்கு அடைபட்டுத் தோன்றுகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

பொருள் வசதி ஒரு காரணமாகலாம். குடும்பச் சூழ்நிலை ஒரு காரணமாகலாம். அவை இரண்டும் ஒத்திருக்கும்போதும் வேறுபாடு தோன்றுமாயின், அதன் வேர் உள்ளத்தில்தான் இருத்தல் வேண்டும். 'இடர் வரின் அதை ஆராய்ந்து தீர்க்க என்னால் இயலும்' என்னும் நம்பிக்கை ஒருவரிடம் இருக்கிறது. மற்றவரிடம் அது வளரவில்லை. தொழில் தேர்வை ஆளும் ஆற்றல்களுள் இந்நம்பிக்கை தலையாயது. இஃது எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு வளர்கிறது, எங்கே தவறிப்போகிறது என்பவற்றை அறிந்துகொள்வது, வாழ்வின் வாயிலில் நிற்கும் இளைஞர்க்கு இன்றியமையாதது.

சிக்கல் தீர்க்கும் முறை

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. அங்கே பேராறு எதுவும் ஆண்டு முழுதும் பெருகி ஓடுவதில்லை. மழை நீரைக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் தேக்கி வைத்தே மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். அத்தகைய கண்மாய் ஒன்றின் கடைமடையில் ஓர் உழவருக்கு வயல் இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். கண்மாயில் நீர் இருக்கிறது. ஆனால் அவர் வயலுக்கு நீர் வந்து சேரவில்லை. அவர் என் செய்வார்?

'எல்லாம் என் தலைவிதி' என்று வரப்பில் அமர்ந்துவிடலாம். அல்லது சினங்கொண்டு மேல்வயற்காரரோடு பூசலிடலாம். இவ்விரண்டாலும் பயிர் பிழைக்காது. அறிவுடைய உழவர் வாய்க்காலை ஒட்டியே நடந்து சென்று பார்ப்பார். மடையில் வண்டல் அடைத்துள்ளதா, கரையில் எலி வளை தோண்டியுள்ளதா, நடுவில் எவரேனும் நீரைத் திருப்பியுள்ளனரா என்று ஒவ்வொன்றாக ஆராய்வார். காரணம் இன்னதெனக் கண்டபின், அதைப் போக்கும் வழிகளை எண்ணுவார். அவற்றுள் தம்மால் இயல்வதைத் தேர்ந்து செய்வார். செய்தபின் நீர் வந்ததா என்று நோக்குவார். வாராவிடின் மீண்டும் ஆராய்வார்.

சிக்கலை இன்னதென வரையறுத்தல், தீரும் வழிகளை எண்ணுதல், ஒன்றைத் துணிந்து செய்தல், பயனை நோக்கித் திருத்திக்கொள்ளுதல் என்னும் இந்நான்கு படிகளே சிக்கல் தீர்க்கும் முறையாகும். கணக்குப் போடும் மாணவர்க்கும், நோய் தீர்க்கும் மருத்துவர்க்கும், பாலம் அமைக்கும் பொறியாளர்க்கும் இம்முறை பொதுவானது. தொழில் எதுவாயினும் அதன் உள்ளே அமைந்திருப்பது சிக்கல்களின் வரிசையேயாம். ஆதலின், ஒரு தொழிலைத் தேர்ந்தெடுப்பதென்பது, எவ்வகைச் சிக்கல்களோடு வாழ்நாள் முழுதும் பழக விரும்புகிறோம் என்று தேர்ந்தெடுப்பதே எனலாம்.

திருவள்ளுவர் இம்முறையை ஆழ்ந்து எண்ணியவர். ஆராய்ந்து செயலில் இறங்குவதைத் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரத்திலும், தன் ஆற்றலையும் வினையின் ஆற்றலையும் எடை போடுவதை 'வலியறிதல்' என்னும் அதிகாரத்திலும், துன்பம் கண்டு மனம் தளராமையை 'இடுக்கண் அழியாமை' என்னும் அதிகாரத்திலும், எடுத்த செயலில் உறுதி குன்றாமையை 'வினைத்திட்பம்' என்னும் அதிகாரத்திலும் அவர் வகுத்துரைத்தார். ஆராய்ச்சி, அளவறிதல், தளராமை, உறுதி ஆகிய நான்கும் சேர்ந்ததே உண்மையான தன்னம்பிக்கை என்பது அவ்வதிகாரங்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்குப் புலனாகும்.

புதுக்கோட்டை தந்த மருத்துவர்

இத்தன்னம்பிக்கை ஒருவருடைய தொழில் தேர்வை எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்குப் புதுக்கோட்டை மண்ணிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறே அது.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அக்காலத்தில் புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்குட்பட்ட தனியரசாக விளங்கியது. தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்விப் பணியில் ஈடுபட்டிருந்த அறிஞர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர் என இகழப்பட்ட குலத்தில் தோன்றியவர். பெண்ணாய்ப் பிறந்தது ஒரு தடை. தாயின் குலத்தைச் சுட்டி எள்ளும் சமூகம் மற்றொரு தடை. இவ்விரு தடைகளுக்கிடையே அம்மையாரின் இளமை தொடங்கியது.

அந்நாளில் பெண்களைப் பள்ளிக்கு அனுப்புவோர் மிகச் சிலர். அனுப்பினும் பருவம் எய்தியவுடன் வீட்டில் நிறுத்திவிடுவர். முத்துலட்சுமிக்கும் அந்நிலை நேர்ந்தது. பள்ளியின் வாயில் அடைபட்டது. படிக்கும் வேட்கை மட்டும் அடங்கவில்லை. இங்கே சிக்கல் இன்னதெனத் தெளிவாக நோக்குதல் வேண்டும். தடுக்கப்பட்டது பள்ளிக்குச் செல்வது. தேர்வு எழுதுவதை எவரும் தடுக்கவில்லை. எனவே தந்தையாரின் துணையோடு வீட்டிலிருந்தே பாடங்களைக் கற்று, 1902-ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். ஒரு வழி அடைபட்டால் வேறொரு வழி உண்டு என்னும் முதற் பாடத்தை அவர் தம் வாழ்விலேயே கற்றுக்கொண்டார்.

அடுத்த தடை இதனினும் பெரியது. புதுக்கோட்டையில் இருந்த மகாராசா கல்லூரி ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அங்கே சேர விரும்பி அவர் விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருத்தி வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் குலையும் என அஞ்சினோர் பலர். குலத்தைக் காட்டி மறுத்தோரும் இருந்தனர். அப்போது ஆட்சியில் இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், அவ்வெதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது, அம்மையாரைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணித்தார். கல்விக்கு உதவித்தொகையும் வழங்கினார். ஆண்கள் மட்டுமே நிறைந்த அக்கல்லூரியில் ஒற்றை மாணவியாக நுழைந்து, ஏளனப் பார்வைகளுக்கிடையே கற்றுத் தேறினார் அம்மையார்.

தேர்ந்த வழி

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் தொழில் பற்றிய வினா எழுந்தது. மகள் ஆசிரியப் பணி ஏற்கலாம் என்பது தந்தையாரின் கருத்தாக இருந்தது. அக்கருத்தில் தவறு காண இயலாது. படித்த பெண்ணுக்கு அந்நாளில் பெருமையோடு கிடைக்கக்கூடிய பணி அது. ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்லவும் தேவையில்லை. ஆனால் அம்மையாரின் உள்ளம் மருத்துவத்தை நாடியது.

மருத்துவம் என்றால் சென்னைக்குச் செல்ல வேண்டும். புதுக்கோட்டைக்குப் புகைவண்டியே வந்திராத காலம் அது. மேலும், ஆண்களோடு அமர்ந்து உடற்கூறு கற்க வேண்டும்; அறுவை மருத்துவம் பயில வேண்டும்; பழிச்சொற்களைத் தாங்க வேண்டும். அம்மையாரின் உடல்நலமும் வலிமை மிக்கதன்று. இவற்றையெல்லாம் தனித்தனியே எண்ணினால் எவரும் பின்வாங்குவர். ஆனால், அவர்தம் உள்ளத்தில் முன்னைய இரண்டு வெற்றிகளின் நினைவு இருந்தது. பள்ளி அடைபட்டபோது வீட்டில் கற்றார். கல்லூரி மறுத்தபோது விடாது முயன்று இடம் பெற்றார். 'இதுவும் அத்தகைய ஒரு சிக்கலே. இதற்கும் வழி இருக்கும்' என்று எண்ணும் வன்மை அவ்வெற்றிகளால் அவருக்கு வாய்த்தது.

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பரிசுகளும் பதக்கங்களும் பெற்று, 1912-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டத்துடன் வெளிவந்தார். எவர் தம் ஊர்க் கல்லூரியின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டாரோ, அவரே தலைநகரத்தின் மருத்துவமனையில் நோயாளிகளின் நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவரானார்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அம்மையார் 'நான் அஞ்சாதவள்' என்று தமக்குள் பலமுறை சொல்லிக்கொண்டு துணிவு பெற்றாரல்லர். சிறு தடையை வென்றபின் பெருந்தடை. அதை வென்றபின் அதனினும் பெரிய தடை. இவ்வாறு படிப்படியாகவே அவரது தன்னம்பிக்கை வளர்ந்தது. வளர்ந்த நம்பிக்கை தொழிலின் எல்லையை விரித்தது. அந்நம்பிக்கை வாய்க்காதிருப்பின், அவர் மருத்துவத்தை ஆராய்ந்து மறுத்திருக்கவும் மாட்டார்; அதை எண்ணிப் பார்த்தேயிருக்க மாட்டார். தன்னம்பிக்கையின்மை செய்யும் பெருந்தீங்கு இதுவே. அது போட்டியில் தோற்கச் செய்வதில்லை. போட்டிக்கே செல்லாதவாறு செய்துவிடுகிறது. தோல்வியேனும் கண்ணுக்குத் தெரியும். எண்ணாமலே விட்ட வழி எவர் கண்ணுக்கும் தெரியாது.

ஒரு துறையில் பெற்ற வன்மை

ஒரு துறையில் சிக்கல் தீர்த்துப் பழகிய உள்ளம், மற்றத் துறைகளிலும் அம்முறையைக் கையாளும். அம்மையாரின் பிற்கால வாழ்வு இதனை விளக்கும். 1926-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பெற்று, அதன் துணைத் தலைவராகவும் 1927-இல் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அந்த ஆண்டிலேயே பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை அவையில் கொண்டுவந்தார். வழக்கத்தின் வேர் சமூகத்தில் ஆழமாய் ஊன்றியிருந்தது, எதிர்ப்பும் வலுவாயிருந்தது. அவ்வழக்கத்தை முற்றும் தடுக்கும் சட்டம் 1947-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. இடைப்பட்ட ஆண்டுகள் இருபது.

சட்டம் வரும் வரை காத்திருக்கப் புகலற்ற பெண்களால் இயலாது என்பதை உணர்ந்த அம்மையார், அவர்களுக்கெனச் சென்னையில் ஔவை இல்லத்தை நிறுவினார். பெருஞ்சிக்கல் முழுதும் தீரும் வரை, அதன் ஒரு பகுதியையேனும் உடனே தீர்க்க முற்படுவது அறிவுடையார் முறை.

தம் தங்கை புற்றுநோய்க்கு இரையாகியதைக் கண்ட துயரம் அம்மையாரின் நெஞ்சை விட்டு அகலவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935-இல் நடந்தபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் விருப்பத்தை வெளியிட்டார். அரும்பாடுபட்டு நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு, அடையாற்றில் 12 படுக்கைகளோடு அம்மருத்துவமனை தன் பணியைத் தொடங்கியது. எண்ணம் தோன்றியதற்கும் அது செயலானதற்கும் இடையே 19 ஆண்டுகள் கழிந்தன. தன்னம்பிக்கை என்பது நொடிப்பொழுதில் எழும் எழுச்சியன்று. நெடுநாள் தாங்கும் பொறுமையும் அதனுள் அடங்கியுள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1956-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்து அம்மையாரைச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பெயரால் தமிழ்நாட்டு அரசு வழங்கும் மகப்பேற்று நிதியுதவி இன்றும் ஏழைத் தாய்மார்க்குப் பயன்பட்டு வருகிறது.

உளநூலார் கண்ட உண்மை

ஒருவர் வாழ்வில் கண்ட இவ்வுண்மையை உளநூல் அறிஞர்கள் பலரிடம் ஆராய்ந்து கண்டுள்ளனர். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆல்பர்ட் பண்டூரா என்னும் அறிஞர், 1977-ஆம் ஆண்டு ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். ஒரு செயலைச் செய்து முடிக்கத் தன்னால் இயலும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறாரோ, அதற்கேற்பவே அவர் அச்செயலில் இறங்குவதும், முயல்வதும், இடையூறு நேரும்போது தாக்குப்பிடிப்பதும் அமையும் என்பது அவர் கோட்பாடு.

இக்கோட்பாட்டைத் தொழில் தேர்வோடு பொருத்திப் பார்த்தோர் நான்சி பெட்ஸ், கெயில் ஹாக்கெட் என்னும் இரு பெண் அறிஞர்கள். 1981-ஆம் ஆண்டு வெளியான அவர்தம் ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி மாணவ மாணவியரிடம் 20 தொழில்களைக் குறித்து வினவப்பட்டது. அவற்றுள் 10 தொழில்கள் வழக்கமாக ஆண்கள் மேற்கொள்பவை. மற்ற 10 தொழில்கள் வழக்கமாகப் பெண்கள் மேற்கொள்பவை. மாணவர்கள் இருவகைத் தொழில்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு நம்பிக்கை கொண்டிருந்தனர். மாணவியரோ பெண்களுக்கென வழங்கிய தொழில்களில் மிக்க நம்பிக்கையும், பொறியியல் போன்ற தொழில்களில் குறைந்த நம்பிக்கையும் உடையவராயிருந்தனர். ஆனால் தேர்வுகளால் அளந்தறிந்த திறமையில் இரு பாலார்க்கும் இடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. திறமை இருந்தும் நம்பிக்கை குன்றினால் தொழில்களின் பட்டியல் தானே சுருங்கிவிடும் என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு சாரார் சிக்கல் தீர்க்கும் நம்பிக்கையையே தனியே ஆராய்ந்தனர். ஹெப்னர், பீட்டர்சன் என்னும் அறிஞர்கள் 1982-இல் இதற்கென ஒரு வினாத்தொகுப்பை வகுத்தனர். தன் ஆற்றலில் நம்பிக்கை உண்டா, சிக்கலை அணுகும் இயல்பு உண்டா அல்லது விலகி ஓடும் இயல்பு உண்டா, இடர் நேரும்போது தன் உணர்ச்சிகளை அடக்கியாள இயலுமா என்னும் மூன்றையும் அது அளந்தறிய முயல்கிறது. தம்மைச் சிக்கல் தீர்க்க வல்லவராகக் கருதுவோர், தொழில் பற்றிய முடிவுக்கு வருவதில் குறைந்த தடுமாற்றமே அடைகின்றனர் என்பதைப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. நம்பிக்கையால் தெளிவு பிறக்கிறதா, தெளிவால் நம்பிக்கை பிறக்கிறதா என்பது எளிதில் பிரித்தறிய இயலாதது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பன என்று கொள்வதே பொருந்தும்.

நம்பிக்கையின் நான்கு ஊற்றுகள்

இந்நம்பிக்கை எங்கிருந்து ஊறுகிறது? பண்டூரா நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். தானே செய்து பெற்ற வெற்றி முதலாவது. தன்னை ஒத்த பிறர் செய்வதைக் காணுதல் இரண்டாவது. மதிப்பிற்குரியோர் ஊக்குவித்தல் மூன்றாவது. உடலும் உள்ளமும் அமைதியாயிருத்தல் நான்காவது. இந்நான்கும் ஒருங்கே சுரந்த நிகழ்ச்சி ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது.

எழுத்தறிவற்றோர்க்கு எழுத்தறிவிக்கும் பொருட்டு அப்போது அங்கே அறிவொளி இயக்கம் நடைபெற்றது. மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். வயல்களிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் உழைத்த பெண்கள், செயற்கை மணிக்கல் பட்டை தீட்டுவோர், சிற்றூர்ச் செவிலியர், பாலர் பள்ளிப் பணியாளர் எனப் பல்லாயிரவர் மிதிவண்டி கற்கத் தொடங்கினர். எள்ளி நகையாடியோரும் உண்டு, தடுத்தோரும் உண்டு. ஆயினும் அலை நிற்கவில்லை. 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டியில் அணிவகுத்துச் சென்றனர்.

முதன்முறை மிதிவண்டியில் ஏறிய பெண் விழுந்தாள், எழுந்தாள், மீண்டும் ஏறினாள். விழாமல் நூறு அடி சென்றபோது முதல் ஊற்று திறந்தது. அவளைக் கண்ட அண்டை வீட்டுப் பெண், 'என் போன்றவளே ஓட்டுகிறாள். நானும் ஓட்டுவேன்' என்றெண்ணினாள். இரண்டாம் ஊற்று திறந்தது. பிடித்துக்கொண்டு உடன் ஓடிய பயிற்றுநரின் சொல் மூன்றாம் ஊற்று. நாளடைவில் நெஞ்சின் படபடப்பு அடங்கியது; அது நான்காம் ஊற்று. பேருந்தை எதிர்பார்த்துக் கணவரையோ தமையனையோ துணைக்கழைத்த நிலை மாறியது. தொலைவிலுள்ள சந்தைக்கும் பணியிடத்திற்கும் தாமே செல்லலாயினர். கல்லுடைக்கும் கூலியாட்களாயிருந்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, கற்சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்துத் தாமே நடத்திய செய்தியும் அக்கால வரலாற்றில் இடம் பெற்றுள்ளது. இரு சக்கரத்தில் நிலைபெறக் கற்ற உள்ளம், வாழ்க்கைத் தொழிலிலும் நிலைபெறக் கற்றது.

அளவறிந்த நம்பிக்கை

தன்னம்பிக்கைக்கும் ஓர் அளவு உண்டு. ஆற்றலை மிகையாக மதிப்பிடுவோர், ஆயத்தமின்றிச் செயலில் இறங்கி இடர்ப்படுவர். நீந்தத் தெரியாமல் வெள்ளத்தில் குதிப்பது துணிவாகாது, பேதைமையாகும். வினையின் வலிமையையும் தன் வலிமையையும் ஒப்பிட்டறிந்து, குறையுள்ள இடத்தைக் கற்று நிரப்பிக்கொண்டு புறப்படுவதே சிறப்பு. முத்துலட்சுமி அம்மையார் கொண்டிருந்தது கற்றறிந்தவரின் துணிவு. பாடத்தைப் பயிலாது பதக்கத்தை அவர் எதிர்பார்க்கவில்லை.

மற்றொன்றையும் மறத்தலாகாது. தன்னம்பிக்கை ஒன்றால் மட்டும் எல்லாக் கதவுகளும் திறந்துவிடா. தந்தையார் கற்பித்திராவிடின், மன்னர் இடம் அளித்திராவிடின், அம்மையாரின் வேட்கை வேட்கையாகவே நின்றிருக்கும். மிதிவண்டி வாங்கக் கடனும், கற்பிக்க ஆளும் இல்லாதிருப்பின், சிற்றூர்ப் பெண்களின் துணிவும் முளையிலேயே கருகியிருக்கும். ஆதலின், வறுமையாலோ பிறப்பாலோ வாய்ப்பிழந்து நிற்கும் ஒருவரை நோக்கி, 'உனக்குத் தன்னம்பிக்கை இல்லை' என்று குறை கூறுவது நேர்மையாகாது. கதவைத் தட்டுவது இளைஞர் கடமை. கதவைத் திறப்பது சமூகத்தின் கடமை. இரண்டும் கூடியபோதே பயன் விளையும்.

மாணவர் செய்யத்தக்கவை

தொழில் தேர்வை எதிர்நோக்கும் மாணவர், 'இஃது என்னால் ஆகாது' என்று ஒரு துறையை விலக்குமுன், அம்முடிவு எதன்மேல் நிற்கிறது என ஆராய்தல் நன்று. அத்துறையை உண்மையில் முயன்று பார்த்தபின் எழுந்த முடிவா, அல்லது பிறர் சொல்லக் கேட்டு எழுந்த அச்சமா? முயன்று கண்ட முடிவாயின் அது மதிக்கத்தக்கது. கேட்டு எழுந்த அச்சமாயின் அதனைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

சோதிக்கும் வழி எளிது. பெரிய சிக்கலைச் சிறு கூறுகளாகப் பகுத்து, இயலும் கூற்றை முதலில் தொடங்கலாம். மருத்துவம் நாடுவோர் உயிர்நூலில் ஒரு பாடத்தை ஆழ்ந்து கற்கலாம். பொறியியல் நாடுவோர் வீட்டிலுள்ள பழுதுபட்ட பொருள் ஒன்றை ஆராய்ந்து பார்க்கலாம். வேளாண்மை நாடுவோர் தம் ஊர்க் கண்மாயின் வரத்துக்காலை நடந்து சென்று காணலாம். தம்மைப் போன்ற சூழ்நிலையிலிருந்து அத்தொழிலுக்குச் சென்றவரைத் தேடி உரையாடலாம். தவறு நேர்ந்தால் அதைத் தம் அறிவின்மைக்குச் சான்றாகக் கொள்ளாமல், மாற்றிச் செய்ய வேண்டிய இடத்தைக் காட்டும் குறியாகக் கொள்ளலாம். இவ்வாறு பழகுவார்க்கு, நாளும் சிறிது சிறிதாக நம்பிக்கை வளர்வது உறுதி.

எத்தொழிலும் இழிந்ததன்று என்பதும் நினைவில் இருத்தற்குரியது. ஆசிரியப் பணியினும் மருத்துவப் பணி உயர்ந்தது என்பதற்காக அம்மையார் அதைத் தேர்ந்தெடுத்ததாகக் கொள்ளுதல் தவறு. தம் உள்ளம் நாடியது எதுவோ அதனை, அச்சத்தால் கைவிடாமல் தேர்ந்தெடுத்தார் என்பதே அவ்வரலாற்றின் சாரம். அச்சம் தேர்ந்து கொடுத்த தொழிலில் ஒருவர் வாழ்நாளைக் கழித்துவிடலாம். ஆராய்ந்து துணிந்த தொழிலிலோ அவர் வாழ்கிறார்.

புதுக்கோட்டைச் சீமையில் மழை குறைவு. ஆயினும் கண்மாய் வெட்டிய முன்னோர் வானத்தை மட்டும் நம்பி இருந்தாரல்லர். பெய்யும் சிறிது நீரையும் தேக்கி வைக்கத் தம்மால் இயலும் என்று நம்பி, மண்ணைச் சுமந்து கரை எழுப்பினர். இளமையில் பெறும் சிறு சிறு வெற்றிகளும் அத்தகைய நீரே. அவற்றைத் தேக்கி வைப்போர்க்கு, தொழில் என்னும் வயல் எவ்வளவு பரந்ததாயினும் பாய்ச்சுதற்கு நீர் குறையாது.

வினாக்கள்

1. சிக்கல் தீர்க்கும் முறையின் நான்கு படிகள் யாவை? கடைமடை உழவரின் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.

2. முத்துலட்சுமி அம்மையார் மருத்துவக் கல்வியைத் தேர்ந்தெடுக்க அவர்தம் முன்னைய வெற்றிகள் எவ்வாறு துணை நின்றன?

3. திறமை இருந்தும் தொழில்களின் பட்டியல் சுருங்குவது ஏன்? 1981-ஆம் ஆண்டு ஆய்வைச் சுட்டி எழுதுக.

4. நம்பிக்கையின் நான்கு ஊற்றுகளும் மிதிவண்டி கற்ற பெண்களிடம் எவ்வாறு வெளிப்பட்டன?

5. 'கதவைத் தட்டுவது இளைஞர் கடமை. கதவைத் திறப்பது சமூகத்தின் கடமை.' இக்கூற்றை ஆராய்ந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.